முதலாண்டு மாணவர்களுக்கு டிசைன் திங்கிங்: அந்த ஐந்து அறுகோணத்தைத் தாண்டி என்ன நடத்துவது?

கெடிலக்கரை:

கடலூருக்கும் பாண்டிக்கும் நடுவில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரி, நான் அங்கே மெக்கானிக்கல் துறை. இந்த செமஸ்டர் முதலாண்டுப் பிள்ளைகளுக்கு டிசைன் திங்கிங் (பயன்படுத்தப் போகிறவரிடமிருந்து தொடங்கி ஒரு பொருளை வடிவமைக்கும் முறை) என்ற ஒரு கிரெடிட் பாடம் என் தலையில் வந்து விழுந்திருக்கிறது. வகுப்புக்கு 60 பேர். வாரத்தில் ஒருநாள் சேர்ந்தாற்போல் இரண்டு பீரியட். ஆய்வகம் கிடையாது, செலவுக்குப் பணம் கிடையாது, எழுத்துத் தேர்வு கிடையாது, முழுக்க இன்டர்னல் மார்க்.

போன வருடம் எடுத்தவர் ஒரு ஸ்லைடு தொகுப்பை விட்டுவிட்டுப் போயிருக்கிறார். பயனரைப் புரிந்துகொள், சிக்கலை வரையறு, யோசனைகளைக் கொட்டு, மாதிரி செய், சோதித்துப் பார் என்று ஐந்து அறுகோணம். அடுத்து, எம்.ஆர்.ஐ. ஸ்கேன் கருவியைக் கண்டு குழந்தைகள் பயந்ததால் அந்த அறையையே கடற்கொள்ளைக் கப்பல் மாதிரி மாற்றிய அமெரிக்கக் கதை. அப்புறம் ஒரு சுவர் நிறைய வண்ண வண்ணமாய் ஒட்டுச்சீட்டு. அவ்வளவுதான். நல்ல கதைதான், குறை சொல்லவில்லை, ஆனால் இதை முதல் பீரியடிலேயே சொல்லி முடித்துவிடலாம், மீதி செமஸ்டருக்கு என்ன செய்வது?

என் பிள்ளைகள் பெரும்பாலும் பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி, நெல்லிக்குப்பம், பாகூர் பக்கம். ப்ளஸ் டூ வரை புக் பேக் கேள்விக்கு வரி பிசகாமல் எழுதி மார்க் வாங்கியவர்கள். எதைக் கொடுத்தாலும் 'சார், இதுக்கு எத்தனை பாயின்ட் எழுதணும்' என்றுதான் கேட்பார்கள், அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. இதை எடுத்தவர்கள், படித்தவர்கள், இதனால் நொந்தவர்கள் யார் இருந்தாலும் சொல்லுங்கள். 'வித்தியாசமாக யோசிக்கச் சொல்லுங்கள்' என்ற ரக அறிவுரை மட்டும் வேண்டாம்.

அரியர்_இல்லை:

சார், நான் மூன்றாம் ஆண்டு இசிஇ, வேறு கல்லூரி. எங்களுக்கும் முதலாண்டில் இது இருந்தது. முதலில் ஸ்லைடு, அப்புறம் ரோல் நம்பர்படி குழு, அப்புறம் 'சமூகப் பிரச்சினை ஒன்றை எடுத்துக்கொண்டு வாருங்கள்'.

பாதிக் குழுக்கள் கொண்டுவந்தது ஸ்மார்ட் குப்பைத்தொட்டி. கிட்டே போனால் மூடி தானாகத் திறக்கும். அர்டுயினோ என்ற சின்ன கன்ட்ரோல் போர்டு ஒன்று, தூரம் அளக்கிற அல்ட்ராசோனிக் சென்சார் ஒன்று, ஒரு சர்வோ மோட்டார், யூடியூபில் வயரிங் முதல் கோடு வரை எல்லாம் இருக்கிறது, கிட் வேண்டுமென்றால் சென்னை ரிச்சி தெரு. குப்பைத்தொட்டி வேண்டாம் என்று கௌரவம் பார்த்தவர்கள் பார்வையற்றோருக்கான ஸ்மார்ட் கைத்தடி செய்தார்கள், அதற்குள்ளும் அதே சென்சார்தான். பார்வையற்ற ஒருவரிடம் போய் யாரும் பேசவில்லை. எம்பதி மேப் என்று ஒரு தாள் உண்டு, அவர் என்ன சொல்கிறார், என்ன நினைக்கிறார், என்ன செய்கிறார், என்ன உணர்கிறார் என்று நான்கு கட்டம். ராத்திரி ஹாஸ்டலில் உட்கார்ந்து எல்லாக் குழுவும் அதை நிரப்பியது. 'அவர் சோகமாக உணர்கிறார்' என்று எழுதிய குழுவுக்கு முழு மார்க்.

மூன்றாவது ரகம் வெள்ள எச்சரிக்கை ஆப். கடலூர் என்றாலே வெள்ளம்தானே.

ஓ.டி.வலை:

வெள்ள ஆப் என்றதும் சிரிப்பு வந்துவிட்டது தம்பி. 2011 டிசம்பர் 30 தானே புயல் அடித்தபோது நாங்கள் இங்கே ஓ.டி.யில், அதாவது கடலூர் ஓல்ட் டவுனில் இருந்தோம். கரண்ட் கம்பம் எல்லாம் படுத்துவிட்டது, மாவட்டம் முழுக்க முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தது. போனில் சார்ஜ் இல்லை, இருந்தாலும் டவர் இல்லை. அப்போது எங்களுக்குத் தலைவலி குடிதண்ணீர்தான். கரண்ட் இல்லாமல் மோட்டார் ஓடாது, மோட்டார் ஓடாமல் மேல்நிலைத் தொட்டி நிறையாது, அடிபம்பு இருந்த தெருவில் குடம் வரிசை கட்டி நின்றது. ஜெனரேட்டரை வண்டியில் ஏற்றித் தெருத்தெருவாகக் கொண்டுபோய் மோட்டாரை ஓட்டினார்கள். ஆப் போடும் பிள்ளைகள் வீட்டில் அம்மாவிடம் கேட்டிருந்தாலே இதைச் சொல்லியிருப்பார்களே.

மந்தாரக்குப்பம்:

சார், கோபித்துக்கொள்ளாதீர்கள். நெய்வேலிச் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். முதலாண்டுப் பையனுக்கு முதலில் விசைகளின் சமநிலை வரட்டும், ஒரு பொருளைக் கையில் கொடுத்தால் மேல்பார்வை எது பக்கப்பார்வை எது என்று வரைய வரட்டும். அது வராதவனிடம் போய் யோசி யோசி என்றால் குப்பைத்தொட்டிதான் வரும், வேறென்ன வரும்.

நெய்வேலியில் நிலக்கரிக்கு மேலே கடலூர் மணற்கல் என்று ஒன்று கிடக்கிறது. சுற்றும் சக்கரத்தில் வாளிகளை மாட்டி மண்ணைத் தோண்டுகிற சக்கர வாளி இயந்திரத்தின் பற்களை அது தேய்த்துத் தின்றுவிடும். இயந்திரம் ஜெர்மன் வடிவமைப்பு, அவர்கள் ஊர் நிலக்கரிக்கு மேல் இருப்பது மெத்தென்ற மண். இங்கே கெட்டியான இடங்களில் வெடி வைத்து இளக்கிக் கொடுத்து, பல்லையும் நம் மண்ணுக்குத் தக்கபடி மாற்றித்தான் ஓட்ட முடிந்தது. அதற்கு யாரும் ஒட்டுச்சீட்டு ஒட்டவில்லை. கணக்கும் உலோகவியலும் தெரிந்தவர்கள் இருந்தார்கள், நடந்தது.

முத்தியால்பேட்டை:

ஐயா, உங்கள் எதிர்வாதத்திலேயே முழுப் பாடமும் இருக்கிறது. இயந்திரம் வேறு ஊர் மண்ணை மனதில் வைத்துச் செய்யப்பட்டது, குழிக்குள் இறங்கிப் பல்லைப் பார்த்தவருக்குத்தான் அது தெரிந்தது. உலோகவியல் அதற்குப் பிறகு வந்தது. அந்த முதல் பாதியைத்தான் கல்லூரியில் யாரும் எடுப்பதில்லை.

நான் பாண்டிக்காரன், பொருள் வடிவமைப்பு என் பிழைப்பு. சாருக்கு ஒரு பழைய கதை சொல்கிறேன், ஸ்லைடுகளில் இது வராது. இந்த விஷயம் ஒட்டுச்சீட்டு ஒட்டிக் காட்டுகிற ஆலோசனைக் கம்பெனிகள் கண்டுபிடித்தது இல்லை. 1950-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் எம்ஐடியில் ஜான் ஆர்னால்ட் என்று ஒரு பேராசிரியர், மெக்கானிக்கல் துறைதான், உங்களைப் போல. தன் மாணவர்களுக்கு ஆர்க்டூரஸ் 4 என்று ஒரு கற்பனைக் கிரகத்தைக் கொடுத்தார். காற்று முழுக்க மீத்தேன். அங்கே இருப்பவர்கள் பறவை மாதிரி முட்டையிலிருந்து வருகிறவர்கள், உடல் பலம் குறைவு, எதற்கும் மெதுவாகத்தான் அசைவார்கள். இவர்களுக்கு வண்டி செய், வீட்டுச் சாமான் செய், கருவி செய் என்பதுதான் வேலை. சுற்றி இருந்தவர்கள் கேலி செய்தார்கள். ஆனால் அதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது பாருங்கள். பயனர் நம்மைப் போல இருப்பார் என்று மாணவன் நினைக்கவே வழியில்லை. பிரேக் மிதிக்க எவ்வளவு நேரம் ஆகும், கை எவ்வளவு எட்டும், எவ்வளவு எடை தூக்கும் என்று ஒவ்வொன்றையும் கேட்டுத்தான் ஆகவேண்டும். அப்புறம் அவர் ஸ்டான்ஃபோர்டுக்குப் போனார், அந்த ஊரின் வடிவமைப்புப் படிப்புக்கு அடிக்கல் போட்டவர்களில் அவர் ஒருவர். ஐந்து அறுகோணம் அங்கிருந்துதான் வந்தது, ஆனால் பல பத்தாண்டு கழித்து.

முதலாண்டு மாணவனின் மனதில் இருக்கும் பயனர் எப்போதும் அவனேதான். வயது 18, கண் நன்றாகத் தெரியும், கையில் ஸ்மார்ட்போன். அந்த ஆளை அவன் மண்டையிலிருந்து வெளியேற்றுவதுதான் உங்கள் செமஸ்டர் வேலை. ஐந்து படியையும் சுற்றிவர வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

மந்தாரக்குப்பம்:

மீத்தேன் கிரகத்துப் பறவைக்கு வண்டியா. சரி. எடை எவ்வளவு தூக்கும் என்று கேட்டானே, அந்தக் கேள்வி பிடித்திருக்கிறது. ஆனால் கணக்கு வேண்டும் என்ற பேச்சிலிருந்து நான் நகரவில்லை.

கொல்லம்_மெயில்:

கேரளத்தில் சில வருடம் ஆசிரியராக இருந்தேன், இப்போது விழுப்புரம் பக்கம். அங்கே தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் 2015 பாடத்திட்டத்தில் 'டிசைன் அண்ட் இன்ஜினியரிங்' முதலாண்டுப் பாடம். 2019 திட்டத்தில் அதை இரண்டாம் ஆண்டுக்குத் தள்ளிவிட்டார்கள். ஆகவே மந்தாரக்குப்பம் ஐயா சொல்கிற சந்தேகம் பல்கலைக்கழகங்களுக்கும் வரக்கூடியதுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் எங்கள் வகுப்பில் இடித்தது மாணவனின் வயது இல்லை, எழுத்துத் தேர்வு. வடிவமைப்பின் படிநிலைகளை விளக்குக என்று கேள்வி வரும், பிள்ளைகள் மனப்பாடம் செய்து எழுதுவார்கள். கெடிலக்கரை சார், எழுத்துத் தேர்வு இல்லை என்று குறையாகச் சொன்னீர்களே, அதுதான் உங்களுக்குக் கிடைத்த வரம்.

'எத்தனை பாயின்ட்' கேள்விக்கு. அமெரிக்காவின் ஹார்வி மட் கல்லூரியின் கிளைவ் டிம்மும் வேறு சிலரும் சேர்ந்து 2005-ல் எழுதிய ஒரு கட்டுரையில் கேள்விகளை இரண்டாகப் பிரிக்கிறார்கள். ஒன்று, உண்மையான விடையை நோக்கிக் குவியும் கேள்வி. இந்த உத்தரம் எவ்வளவு பாரம் தாங்கும் என்பது போல. இன்னொன்று, விரியும் கேள்வி. அதற்கு வருகிற பதில்கள் உண்மையா பொய்யா என்று உடனே சரிபார்க்க முடியாது, இப்படியும் செய்யலாம் அப்படியும் செய்யலாம் என்று மட்டும்தான் சொல்ல முடியும். பொறியியல் வகுப்பில் நாம் முதல் ரகத்தை மட்டுமே கேட்கிறோம், இரண்டுக்கும் நடுவே போய்ப்போய் வருவதுதான் வடிவமைப்பு என்பது அவர்கள் வாதம். நான் செய்தது எளிது. ஒவ்வொரு வகுப்பின் முடிவிலும் பதில் கேட்கமாட்டேன், கேள்வி கேட்டு எழுதச் சொல்வேன். கொஞ்ச நாள் முழித்தார்கள், அப்புறம் பழகிவிட்டது.

முதல் வகுப்புக்கு மார்ஷ்மெல்லோ கோபுரம் வையுங்கள். 20 ஸ்பகெட்டிக் குச்சி, ஒரு கஜம் டேப், ஒரு கஜம் நூல், ஒரு மார்ஷ்மெல்லோ, 18 நிமிடம். எந்தக் குழுவின் மார்ஷ்மெல்லோ உயரத்தில் நிற்கிறதோ அது ஜெயித்தது. பீட்டர் ஸ்கில்மன் தொடங்கியது, டாம் வூஜெக் ஊர் ஊராகக் கொண்டுபோனார். பாலர் பள்ளிக் குழந்தைகள் எம்பிஏ ஆட்களை இதில் சாதாரணமாகத் தோற்கடிக்கிறார்கள். பெரியவர்கள் பேசிப் பேசி, படம் வரைந்து, கடைசி நிமிடத்தில் மார்ஷ்மெல்லோவை உச்சியில் வைப்பார்கள், மொத்தமும் வளைந்து விழும். குழந்தைகள் ஆரம்பத்திலேயே வைத்து வைத்துப் பார்க்கும்.

அரியர்_இல்லை:

சார் ஸ்பகெட்டிக்கு கடலூரில் எங்கே போவது, பாண்டி டிபார்ட்மென்ட் ஸ்டோரில்தான் கிடைக்கும். விளக்குமாற்று ஈர்க்குச்சி போதாதா? மேலே ஒரு எலுமிச்சம்பழம்.

கொல்லம்_மெயில்:

ஈர்க்குச்சி வளையும், உடையாது. ஸ்பகெட்டி வளையாது, படக்கென்று உடையும். விளையாட்டின் குணமே மாறிவிடும். எலுமிச்சை ரொம்ப எடை. ஆனால் இதையே வகுப்பில் கேட்டால் மந்தாரக்குப்பம் ஐயா கேட்கிற கணக்கு தானாக உள்ளே வந்துவிடும் இல்லையா, எந்தக் குச்சி, எவ்வளவு நீளத்தில் வளைகிறது, ஏன்.

பலாச்சுளை:

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன், இப்போது எழுதுகிறேன், நீளமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நானும் ஆசிரியைதான், சிவில். சொந்த ஊர் பண்ருட்டிக்குப் பக்கம், உறவினர்கள் பலரும் முந்திரி வியாபாரம். முதலாண்டு வகுப்பு ஒன்றை முந்திரி உடைக்கிற ஷெட்டுக்கு அழைத்துப் போனேன். அதிலிருந்து ஒரே ஒரு குழுவின் கதையைச் சொல்கிறேன்.

வேலை எப்படி என்றால், பச்சைக் கொட்டையை வேகவைத்தோ வறுத்தோ காயவைப்பார்கள், அப்புறம் ஒவ்வொன்றாக ஓட்டை உடைத்துப் பருப்பை எடுக்க வேண்டும். ஓட்டுக்குள் இருக்கும் எண்ணெய் கறுப்பாக இருக்கும், தோலில் பட்டால் வெந்துவிடும். பெண்கள் கையில் சாம்பலையோ எண்ணெயையோ பூசிக்கொண்டு உட்காருவார்கள், அப்படியும் விரல் நுனி எல்லாம் கறுத்துத் தோல் உரிந்திருக்கும். என் பிள்ளைகள் உள்ளே போன கொஞ்ச நேரத்தில் எல்லாக் குழுவும் ஒரே பதிலோடு வெளியே வந்தது. கையுறை.

சரி, கொண்டுபோய்க் கொடுங்கள் என்றேன். மருந்துக்கடையில் விற்கும் மெல்லிய ரப்பர் கையுறையை வாங்கிப் போனார்கள். பெண்கள் மரியாதைக்குக் கொஞ்ச நேரம் போட்டுப் பார்த்துவிட்டுக் கழற்றி வைத்துவிட்டார்கள். கொட்டை வழுக்குகிறது, எண்ணெய் பட்டு ரப்பர் ஊறி இளகிவிடுகிறது. முக்கியமான விஷயத்தை ஓர் அக்கா சொன்னார். ஓடு பிளக்கும்போது பருப்பு முழுசாக வருகிறதா நொறுங்குகிறதா என்பது அவருக்கு விரலில்தான் தெரிகிறது, கண்ணில் இல்லை. கூலி எடைக்கு, அதிலும் முழுப் பருப்புக்குத்தான் மதிப்பு. டபிள்யூ 320 என்று தரம் சொல்வார்களே, ஒரு பவுண்டுக்கு 300 முதல் 320 முழுப் பருப்பு என்று அர்த்தம், அது இரண்டாகப் பிளந்தாலே விலை இறங்கிவிடும். கையுறை போட்டால் கை வேகாது, கூலி வெந்துவிடும். கல்லூரிக் கட்டிடத்தில் உட்கார்ந்து இதை யார் கண்டுபிடிக்க முடியும்?

பெரும்பாலான குழுக்கள் அதோடு 'விழிப்புணர்வு இல்லை' என்று ரிப்போர்ட் எழுதிவிட்டார்கள். இந்த ஒரு குழு மட்டும் திரும்பிப் போனது. அதில் ஒரு பெண் பேசவே மாட்டாள், மூலையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒவ்வொரு கொட்டைக்கும் அக்காமார்கள் இடுப்பைத் திருப்பி இடது பக்கம் பின்னால் இருக்கும் பாத்திரத்தில் பருப்பைப் போடுகிறார்கள் என்பதைக் கவனித்தவள் அவள்தான். நாள் முழுக்க அந்தத் திருப்பல். சாயங்காலம் எல்லோருக்கும் இடுப்பு வலி, யாரும் அதை முந்திரியோடு சேர்த்துச் சொல்லவில்லை, 'வயசாகுதும்மா' என்றுதான் சொன்னார்கள்.

செருப்புப் பெட்டி அட்டையில் சரிவாக ஒரு தட்டு செய்தார்கள், முன்னால் வைத்துக்கொள்ள. அது எண்ணெயில் நனைந்து போனது. அப்புறம் எண்ணெய் டின்னை வெட்டித் தகரத்தில் ஒன்று. அதில் முழுசுக்கு ஒரு வழி, உடைசலுக்கு ஒரு வழி என்று இரண்டு பள்ளம் வைத்தார்கள், பின்னால் தரம் பிரிக்கிற வேலை மிச்சமாகுமே என்று. முதலாளிக்கு ரொம்பப் பிடித்துவிட்டது, பெண்களுக்குப் பிடிக்கவில்லை. ஏன் என்று கேட்டால் யாரும் வாய் திறக்கவில்லை. டீ நேரத்தில் ஒரு பாட்டிதான் சொன்னார், 'ஒடைச்சது தனியா தெரிஞ்சா கணக்கு கேப்பாங்கல்ல'. யாருக்காகச் செய்கிறோம், யார் காசு கொடுக்கிறார், இரண்டு பேரும் ஒருவர் இல்லை என்றால் என்ன செய்வது என்று அன்றைக்கு பஸ்ஸில் வரும்வரை பிள்ளைகள் சண்டை போட்டார்கள். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. நடுத் தடுப்பை எடுத்துவிட்டு ஒரே சரிவாகச் செய்து கொடுத்துவிட்டு வந்தார்கள். சிலர் பயன்படுத்துகிறார்கள், ஒருவர் அதைக் கவிழ்த்துப்போட்டு உட்காருகிறார்.

கெடிலக்கரை சார், இதிலிருந்து நான் சொல்ல வருவது ஒன்றுதான். ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்ப அனுப்புங்கள். முதல் தடவை போனால் வருவது எல்லாம் கையுறைதான்.

மந்தாரக்குப்பம்:

அம்மா, அந்தத் தட்டின் சரிவு எத்தனை டிகிரி?

பலாச்சுளை:

ஐயா இதைத்தான் எதிர்பார்த்தேன். அட்டையில் சரிவு குறைவாக இருந்தபோது பருப்பு இறங்கவில்லை, அதிகமானபோது துள்ளி விழுந்து நொறுங்கியது. உராய்வுக் கோணம் என்று இயற்பியலில் படித்திருக்கிறோமே என்று ஒரு பையனுக்குப் பொறி தட்டியது. தகரத்தில் பருப்பை வைத்து மெல்லச் சாய்த்து, நழுவ ஆரம்பித்த இடத்தைப் பாகைமானியில் அளந்தார்கள். அந்தப் பாகைமானி பள்ளி ஜியாமெட்ரி பாக்ஸில் இருந்தது. இப்போது சொல்லுங்கள், கணக்கு முதலில் வர வேண்டுமா, கணக்கு வேண்டும் என்ற தேவை முதலில் வர வேண்டுமா?

மந்தாரக்குப்பம்:

அளந்தார்கள் இல்லையா, அது போதும் எனக்கு. தேவை வந்தால் கணக்கு வரும் என்பதை எல்லாப் பையனுக்கும் சொல்ல முடியாது, இருந்தாலும் இந்தப் பையனுக்கு வந்திருக்கிறது.

காலாப்பட்டு_பஸ்:

பலாச்சுளை மேடம் சொன்னதற்கு நம் பக்கத்திலேயே பெரிய உதாரணம் ஒன்று உண்டு. அரவிந்த் கண் மருத்துவமனை, தவளக்குப்பத்தில் இருக்கிறதே, அது 1976-ல் டாக்டர் ஜி. வெங்கடசாமி மதுரையில் 11 படுக்கையோடு தொடங்கியது. கிராமத்தில் முகாம் போட்டு, கண்புரை அறுவை சிகிச்சை இலவசம் என்று சொன்ன பிறகும் பலர் வரவில்லை. ஏன் என்று வீடு வீடாகப் போய்க் கேட்டபோது வந்த பதில்கள்: பஸ் காசு, சாப்பாடு, கூட ஆள் வர வேண்டும், வருகிற ஆளின் அன்றைய கூலி போகும், பயம். இலவசம் என்பது மருத்துவமனைக்கு உள்ளே மட்டும்தான் இலவசமாக இருந்தது. அதனால் முகாமிலிருந்தே பஸ்ஸில் கூட்டமாக ஏற்றிப் போய், சாப்பாடு போட்டு, அறுவை முடித்து, திரும்பக் கொண்டுவந்து விடுகிற ஏற்பாடு வந்தது. ஒரே ஊர்க்காரர்கள் சேர்ந்து போவதால் பயமும் குறைந்தது. அமெரிக்கக் கப்பலுக்குப் பதில் இந்த ஸ்லைடைப் போடலாம், பாதிப் பிள்ளைகளின் தாத்தா பாட்டி அந்த பஸ்ஸில் போயிருப்பார்கள்.

கெடிலக்கரை:

எல்லோருக்கும் நன்றி, எதிர்பார்த்ததைவிட நிறையவே கிடைத்தது. இனி நடைமுறைக்கு வருவோம். முதல் தலைவலி, 60 பேரை வெளியே அனுப்ப அனுமதி. பெண் பிள்ளைகளின் வீட்டில் கேட்பார்கள், பிரின்சிபால் கடிதம், பஸ், இன்சூரன்ஸ் என்று இழுக்கும். இரண்டாவது, மார்க். பொருள் நன்றாக வந்தால்தான் மார்க் என்றால் காசு கொடுத்து வாங்கிவந்துவிடுவார்கள். மூன்றாவது, படிப்புக்குத் தரச் சான்று கொடுக்கிற என்பிஏவின் கோப்புக்கு ஒவ்வொரு மார்க்குக்கும் ஆதாரம் கேட்பார்கள்.

பலாச்சுளை:

அனுமதி கிடைக்கும்வரை வளாகத்துக்குள்ளேயே ஆட்கள் இருக்கிறார்களே. மெஸ்ஸில் அண்டா கழுவுகிறவர்கள், கல்லூரி பஸ் டிரைவர், வாட்ச்மேன், கழிப்பறை சுத்தம் செய்கிற அக்கா. பிள்ளைகள் தினம் பார்க்கிற, ஆனால் ஒரு வார்த்தை பேசாத ஆட்கள். அதுவே கிட்டத்தட்ட ஆர்க்டூரஸ் கிரகம்தான் சார். ஒன்று மட்டும், போகும் முன் அந்த வேலையாட்களிடம் நீங்களே போய்ச் சம்மதம் கேளுங்கள். மேற்பார்வையாளரை விட்டுச் சொன்னால் பயந்துகொண்டு 'எல்லாம் நல்லா இருக்கு சார்' என்றுதான் பதில் வரும்.

கொல்லம்_மெயில்:

மார்க்குக்கு நான் செய்தது. ஆளுக்கு ஒரு நோட்டு, குழுவுக்கு இல்லை. இடது பக்கம் பார்த்ததும் கேட்டதும், அவர்கள் சொன்ன வார்த்தை அப்படியே, தமிழிலேயே, தேதியோடு. வலது பக்கம் அதிலிருந்து இவனுக்குத் தோன்றியது. ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும் என்று கட்டாயப்படுத்தினால் எல்லாப் பாட்டியும் 'ஃபேசிங் டிஃபிகல்டி' ஆகிவிடுவார்கள். பொருளுக்கு மார்க் மிகக் குறைவு. முதல் மாதிரிக்கும் அடுத்த மாதிரிக்கும் என்ன மாறியது, யார் சொன்னதால் மாறியது என்பதைக் காட்டினால்தான் பெரிய மார்க். ஒன்றுமே மாறவில்லை என்றால் அவன் யாரிடமும் காட்டவில்லை என்று அர்த்தம். என்பிஏ ஆட்களுக்கு இதைவிட நல்ல ஆதாரம் கிடையாது, தேதி போட்ட நோட்டைப் பார்த்தாலே சந்தோஷப்படுவார்கள்.

அர்டுயினோவுக்குத் தடை போடுங்கள், முதல் பாதி செமஸ்டர் முழுக்க. அட்டை, டேப், நூல், பழைய டின், சைக்கிள் ட்யூப், அவ்வளவுதான் அனுமதி.

அரியர்_இல்லை:

தடையை நான் ஆதரிக்கிறேன், இசிஇ பையன் சொல்கிறேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் ரோல் நம்பர்படி குழு பிரிக்காதீர்கள் சார். ஒருத்தன் செய்வான், நாலு பேர் பெயர் போட்டுக்கொள்வார்கள். ஆளுக்கு ஒரு நோட்டு என்றால் அது கொஞ்சம் குறையும்.

முத்தியால்பேட்டை:

குழுவை முதல் மாதம் பிரிக்கவே வேண்டாம் என்பேன். தனியாகப் பார்த்து எழுதட்டும். ஒரே விஷயத்தைக் கவனித்தவர்கள் அப்புறம் சேரட்டும். மேடம் சொன்ன அந்தப் பேசாத பெண், குழுவில் முதல் நாளே உட்கார வைத்திருந்தால் பிபிடி டைப் அடிக்கிற வேலைக்குப் போயிருப்பாள்.

கெடிலக்கரை:

சரி, இப்படி வைத்துக்கொள்கிறேன். முதல் வகுப்பு கோபுரம், ஸ்பகெட்டியும் ஈர்க்குச்சியும் பாதிப்பாதி. அப்புறம் ஒரு மாதம் மெஸ்ஸும் பஸ் ஷெட்டும், தனித்தனி நோட்டு. அதற்குள் அனுமதி வாங்கிவிட்டால் கடலூர் துறைமுகம், மீன் ஏலம், ஐஸ் அடிக்கிறது, கூடை தூக்குகிற பெண்கள். திரும்பத் திரும்ப அதே இடம். எம்.ஆர்.ஐ. ஸ்லைடு போய் அரவிந்த் பஸ் வருகிறது. அறுகோணத்தைக் கடைசி வகுப்பில் காட்டுகிறேன், அதற்குள் அவர்களே ஏதாவது வரைந்திருப்பார்கள்.

ஓ.டி. நண்பரே, துறைமுகத்துக்கு எத்தனை மணிக்கு அழைத்து வந்தால் உங்களுக்குத் தொந்தரவு இருக்காது?

ஓ.டி.வலை:

தொந்தரவு இல்லாத நேரத்தில் வந்தால் பார்க்க ஒன்றும் இருக்காது சார். விடிவதற்கு முன்னால் வாருங்கள், போட்டுகள் வருவதும் ஏலமும் அப்போதுதான். 60 பேரையும் ஒரே நாள் கொண்டுவராதீர்கள், பத்துப் பத்துப் பேராகப் பிரித்து அனுப்புங்கள். பழைய செருப்பு போடச் சொல்லுங்கள், தரை முழுக்க ஐஸ் தண்ணீரும் செதிலும். முதல் நாள் போனை வெளியே எடுக்க வேண்டாம். வெயில் ஏறியதும் கூடை எடுத்துக்கொண்டு விற்கக் கிளம்புகிற பெண்களோடு யாராவது பின்னாலேயே போக விரும்பினால் என் அத்தையிடம் சொல்லி வைக்கிறேன், ஆனால் அவர் வேகத்துக்கு நடக்க வேண்டும், பாதியில் ஆட்டோ ஏறக் கூடாது. ஏலத்துக்குக் குறுக்கே நின்றால் திட்டு விழும், கெட்ட வார்த்தையிலேயே விழும். கொல்லம் மெயில் சார் சொன்ன இடது பக்கத்தில் அதையும் அப்படியே எழுதலாமா என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.